மொட்டப்பாறையில் ஏழு பள்ளிகள்

எந்தப் பள்ளிக்கூடமும் தான் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்கக் கூடாது என்று மாவட்ட அளவில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. நல்ல முடிவுதான். பள்ளிக்கூடமே தன்னைத் தேடிக்கொண்டு அலைந்தால் பிள்ளைகள் எங்கே போய் உட்காரும்? ஆகவே 'புவியறிவுப் புத்தாக்க வழிகாட்டுதல் இயக்கம்' என்று, சொல்லி முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிடும் பெயர் ஒன்றைச் சூட்டி, கள்ளக்குறிச்சியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், கழிப்பறைக்கு எதிர் அறையில், அலுவலகம் திறந்தார்கள். ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் மட்டும் இல்லை. கீழே தையல் கடையில் இரவல் வாங்கி வந்தார்கள்.

மாணவரும் ஆசிரியரும் புவியியலையும் டிஜிட்டல் வரைபடத்தையும் கரைத்துக் குடிக்க வேண்டும் என்பது இயக்கத்தின் நோக்கம். கரைத்துக் கொடுக்க 'மென்ட்டார்கள்' நியமிக்கப்பட்டார்கள். வாத்தியாருக்குச் சொல்லித் தருகிறவர் மென்ட்டார். மென்ட்டாருக்குச் சொல்லித் தருகிறவர் மாஸ்டர் மென்ட்டார். அவருக்குச் சொல்லித் தருகிறவர் சென்னையில் கணினித் திரைக்குள் இருந்தார். பிள்ளைகளுக்கு யார் சொல்லித் தருவது என்பது மட்டும் சுற்றறிக்கையில் விட்டுப்போயிருந்தது.

கல்வராயன் மலைக்கு மென்ட்டாராகக் கோகிலவாணி தேர்வானாள். மலைமேல் நெல்லிவளவு என்கிற சிற்றூரில் இருபத்து மூன்று பிள்ளைகள் படிக்கும் நடுநிலைப் பள்ளிக்கு அவள்தான் சமூக அறிவியல் ஆசிரியை. பொறுப்புத் தலைமையாசிரியையும் அவள்தான். இன்னொரு ஆசிரியை பிரசவ விடுப்பில் போய்விட்டதால் கணக்கு, அறிவியல், பி.டி. எல்லாம் அவள்தான். மலையில் இருந்த ஏழு பள்ளி ஆசிரியர்களிலும் அவளுடைய போன் ஒன்றுக்குத்தான் கண்ணாடி உடையாமல் இருந்தது. அதைத் தகுதியாக எடுத்துக்கொண்டார்கள்.

மென்ட்டார்களுக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் சேர்த்துப் பயிற்சி இரண்டு நாள். கழுத்தில் மாட்ட அட்டை, தோளில் மாட்டச் சணல் பை, தண்ணீர் இல்லாத தண்ணீர் பாட்டில் ஒன்று. முதல் நாள் காலை முழுக்கப் பந்து எறிந்து விளையாட்டு. பந்து யார் கையில் விழுகிறதோ அவர் தான் ஒரு நிலத்தோற்றமாக இருந்தால் எதுவாக இருப்பேன் என்று சொல்ல வேண்டும். கோகிலவாணி பீடபூமி என்றாள். பக்கத்து மலையூர்த் தலைமையாசிரியர் கொளஞ்சியப்பனுக்கு ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது. அவர் பந்தை மடியில் வைத்துக்கொண்டு, தான் ஏற்கெனவே பள்ளத்தாக்குதான், இனிமேல் ஆவதற்கு ஒன்றுமில்லை என்றார்.

நடத்தியவர் பகலவன். இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர். முப்பது வயதிருக்கும். கள்ளக்குறிச்சி ஜூன் மாத வெயிலில் பதினோரு பாக்கெட் வைத்த கையில்லாத கோட்டு போட்டிருந்தார். பேசும்போது மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை 'கள உண்மை' என்று சொல்லுவார். சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

'மண்ணறிவு' என்ற செயலியை எல்லார் போனிலும் இறக்கினார்கள். தினமும் பதினொன்றரைக்குள் பிள்ளைகளின் வருகையையும் மதியச் சாப்பாட்டு முட்டையின் படத்தையும் அதில் ஏற்ற வேண்டும். பள்ளி இருக்கும் இடத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் நின்று ஏற்றினால்தான் செயலி வாங்கிக்கொள்ளும். பள்ளி எங்கே இருக்கிறது என்பது அதற்கு முன்கூட்டியே தெரியும். போன வருடமே ஒரு குழு மலைக்கு வந்து ஏழு பள்ளிகளையும் அளந்து குறித்துவிட்டுப் போயிருந்தது.

கோகிலவாணி அந்தக் குழுவைப் பார்த்ததில்லை. வந்ததாகக் கேள்விப்பட்டதும் இல்லை.

மலைக்குத் திரும்பிய மறுநாள் பிள்ளைகளுக்கு டிஜிட்டல் வரைபடம் காட்டலாம் என்றால் பள்ளியில் சிக்னல் இல்லை. நெல்லிவளவில் எப்போதுமே சிக்னல் கிடையாது. மூன்று கிலோமீட்டர் நடந்தால் மலைப்பாதைத் திருப்பத்தில் மொட்டப்பாறை வரும். அதன் உச்சியில் ஏறிக் கிழக்கே பார்த்து நின்றால் இரண்டு கோடு தெரியும். சுற்று வட்டாரத்துக்கே அதுதான் டெலிபோன் ஆபீஸ். கல்யாணம், சாவு, கேஸ் சிலிண்டர் எல்லாம் அங்கிருந்துதான் பேசுவார்கள்.

இருபத்து மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாறைக்குப் போனாள். செயலியைத் திறந்ததும் எட்டாம் வகுப்பு சந்தியா போனை வாங்கி, விரலால் விரித்து, மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"டீச்சர், நம்ம ஊர்ல ஸ்கூல் இல்ல. வெறும் பச்சையாக் கீது."

"நல்லாப் பாரு."

"பார்த்துட்டேன் டீச்சர். நம்ம ஸ்கூல் இங்க கீது. நாம குந்திக்கினு இருக்கற பாறை மேலயே. மேல ஒன்னு, அதுக்குக் கீழ ஒன்னு, மொத்தம் ஏழு கொடி."

விஷயம் விசாரித்ததில் தெரிய வந்தது. போன வருடம் வந்த குழு நேர்மையான குழு. ஒவ்வொரு பள்ளிக்கும் போய் அழுத்தத்தான் கிளம்பியது. பள்ளியில் போய் நின்றால் சிக்னல் இல்லை, சிக்னல் இல்லாமல் செயலி அழுத்த விடாது. எனவே சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய் அழுத்தினார்கள். ஒரே மத்தியானத்தில் மொட்டப்பாறையில் உட்கார்ந்து ஏழு பள்ளி, நாலு ரேஷன் கடை, இரண்டு அங்கன்வாடி, பதினோரு தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் அழுத்திவிட்டு, பிஸ்கட் தின்ற காகிதத்தைப் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். காகிதம் இன்னும் பாறை இடுக்கில் இருந்தது. வரைபடத்தின்படி மாவட்டத்திலேயே சகல வசதியும் பெற்ற இடம் அந்த மொட்டப்பாறைதான். குடியிருக்க ஒரு ஓணான் மட்டும்.

சட்டப்படி வேலை செய்ய வேண்டுமே. தினமும் காலையில் ஏழு பள்ளிகளின் ஆசிரியர்களும் வருகையை ஏற்றப் பாறைக்கு வரத் தொடங்கினார்கள். பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு வர முடியாதென்று அவர்களையும் கூட்டி வந்தார்கள். சத்துணவு சமைக்கிற ஜெயம்மாள் அவித்த முட்டைகளைத் தூக்குவாளியில் வைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து வந்து, பாறைமேல் வரிசையாக அடுக்கிப் படம் எடுக்கக் கொடுத்துவிட்டு, மறுபடி மூன்று கிலோமீட்டர் தூக்கிப் போனாள்.

"முட்டைக்கு இன்னா தெரியும், அதும்பாட்டுக்கு வெந்துச்சு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள். "கோழி கூட இவ்ளோ தூரம் நடந்திருக்காது டீச்சர்."

இதோடு போயிருந்தால் கோகிலவாணியும் நம் எல்லாரையும்போல முணுமுணுத்துக்கொண்டே பழகியிருப்பாள். மாதத் தொடக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. ஐம்பது மீட்டர் சுற்றளவுக்குள் ஏழு அரசுப் பள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இயங்கி வருவது டிஜிட்டல் வரைபடத்தின் வாயிலாகக் கண்டறியப்பட்டுள்ளதாகவும், இது பொது வளங்களை விரயம் செய்யும் செயல் எனவும், எனவே மேற்படி ஏழு பள்ளிகளும் மாத இறுதியோடு மூடப்பட்டு, பதினான்கு கிலோமீட்டர் கீழே அடிவாரத்தில் உள்ள பள்ளியுடன் இணைக்கப்படும் எனவும் அதில் கண்டிருந்தது.

நெல்லிவளவிலிருந்து அடிவாரத்துக்குக் காலை பஸ் பத்தரைக்கு. திரும்பி வருவது ராத்திரி ஏழுக்கு. மூன்று வருடத்துக்கு முன் பக்கத்து ஊரில் ஒரு பள்ளியை இப்படித்தான் இணைத்தார்கள். ஒன்பது பெண் பிள்ளைகளில் அடிவாரத்துப் பள்ளியில் போய்ச் சேர்ந்தது இரண்டு. மற்ற ஏழும் கரும்பு வெட்டப் போகிற அப்பா அம்மாவோடு போய், இப்போது நன்றாகக் கரும்பு வெட்டுகின்றன. நெல்லிவளவில் பெண் பிள்ளைகள் பதினான்கு. கோகிலவாணி கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். அன்றைக்குப் பாடம் எதுவும் ஓடவில்லை.

திருத்தம் செய்ய வழி இருந்தது. செயலியிலேயே 'பள்ளியின் இடம் தவறா?' என்று ஒரு பொத்தான். பள்ளியில் நின்று அழுத்தினாள். சிக்னல் இல்லை. பாறைக்குப் போய் அழுத்தினாள். 'நீங்கள் தற்போது உங்கள் பள்ளியில்தான் நிற்கிறீர்கள். திருத்தம் தேவையில்லை. நன்றி' என்று வந்தது. கூடவே ஒரு பூ. ராத்திரி கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி, தன் வீட்டு மொட்டைமாடியில் நின்று அழுத்தினாள். 'நீங்கள் பள்ளியிலிருந்து வெகுதொலைவில் இருக்கிறீர்கள். பள்ளிக்குச் சென்று முயலவும்' என்றது. அவள் வீட்டுக்காரர் வெங்கடேசன், போனை அரிசிக்குள் போட்டுவைத்தால் சரியாகுமா என்று கேட்டார். அவருக்கு எல்லா வியாதிக்கும் அரிசி.

இரண்டாம் மாடிக்கு ஏறிப் பகலவனிடமே நேரில் சொன்னாள். அவர் கண்ணை மூடித் திறந்து, தானே களத்துக்கு வந்து ஆய்வு செய்வதாகச் சொன்னார். அவளுக்கு உயிர் வந்தது. மறுநாளே நெல்லிவளவுப் பெண்களைக் கூப்பிட்டுப் பள்ளிக்கு வெள்ளையடித்தாள். வாசலில் மாவிலை கட்டி, போர்டில் பெயரைப் புதிதாக எழுதினாள்.

பகலவன் வியாழக்கிழமை பதினொன்றேகாலுக்கு வந்தார். போன் வழி சொல்லச் சொல்ல வண்டி ஓட்டி வந்து, அது 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்றதும் இறங்கினார். இறங்கிய இடம் மொட்டப்பாறை. அது வருகை ஏற்றுகிற நேரம். ஏழு பள்ளிகளின் நூற்று அறுபத்து மூன்று பிள்ளைகளும், ஆசிரியர்களும், வாளி வாளியாக முட்டையும் பாறைமேல் இருந்தார்கள். கொளஞ்சியப்பன் நேரத்தை வீணாக்காமல் ஒரு மூலையில் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தார்.

பகலவன் நாலு பக்கமும் பார்த்தார். படம் எடுத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"எக்ஸலண்ட் மேடம். வரைபடத்தில ஏழு பள்ளி, தரையிலயும் ஏழு பள்ளி. அப்படியே பொருந்துது. இதான் கள உண்மை."

கோகிலவாணி, இது பள்ளி இல்லை, இது பாறை, பள்ளி மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, வெள்ளையெல்லாம் அடித்து வைத்திருக்கிறோம், ஒரு நடை வந்து பாருங்கள் என்று கெஞ்சினாள்.

"மேடம், நான் பள்ளியில நின்னுகிட்டு பள்ளியைப் பார்க்க எதுக்குப் போகணும்?"

"இங்க கட்டடமே இல்லீங்களே சார்."

"அதைக் குறையா எழுதிக்கிறேன். கூரை இல்லை, கழிவறை இல்லை, சுற்றுச்சுவர் இல்லை. இப்படி இருக்கிற பள்ளியை மூடுறதுதானே பிள்ளைங்களுக்கு நல்லது?"

ஜெயம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "யோவ் சார், கண்ணு தொறந்துதானே கீது. அந்தாண்ட ஒரு ஓணான் குந்திக்கினு கீதே, அதையும் ஏத்துக்கோ. அதான் எங்க எட்மாஸ்டரு, எச்செம்மு."

பகலவன் அதைச் சமுதாயப் பங்கேற்பு என்று குறித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மாதம் முடிய நாலு நாள் இருந்தபோது கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டம். பள்ளியை ஜெயம்மாள் கையில் ஒப்படைத்துவிட்டுக் கோகிலவாணி போனாள். சென்னையிலிருந்து பெரிய அதிகாரி திரையில் வந்திருந்தார். அவர் படம் அடிக்கடி உறைந்து, வாய் திறந்தபடி நின்றது. மலை ஆசிரியர்கள் ஏழு பேரையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மலைவாழ் ஆசிரியர்களும் எவ்வளவு சுலபமாகச் செயலியைக் கையாள்கிறார்கள் என்று நேரடியாகச் செய்து காட்டப் பகலவனுக்கு ஆசை. எல்லாரும் ஒரே நேரத்தில் 'புதிய இடம்' என்பதை அழுத்த வேண்டும். அதற்காக ஐம்பது மீட்டர் பூட்டைப் பத்து நிமிடத்துக்குத் திறந்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

பூட்டுத் திறந்திருக்கிறது என்ற சொல் காதில் விழுந்ததும் கோகிலவாணி எழுந்தாள். இங்கிருந்தே கொடியை விரலால் இழுத்து நெல்லிவளவில் வைத்துவிடலாமா என்று கேட்டாள். விரலால் இழுத்தால் அது கள உண்மை ஆகாது, போன் எங்கே இருக்கிறதோ அதை மட்டும்தான் சிஸ்டம் நம்பும் என்றார் பகலவன்.

"அப்ப இங்க அழுத்துனா ஸ்கூல் இங்கயே வந்துடுங்களே சார்."

"மேடம், மென்ட்டார்னா பாஸிட்டிவா இருக்கணும். பெரியவர் பார்த்துக்கிட்டு இருக்கார். அழுத்துங்க."

பெரியவர் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கோகிலவாணி இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். பகலவன் புன்னகை மாறாமல், பல்லைக் கடித்தபடி, அழுத்துங்க மேடம் என்றார். சின்ன வயதிலிருந்து பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று வளர்ந்தவள். அழுத்தினாள். கொளஞ்சியப்பன், தாம் ஓய்வு பெறுவதற்குள் பள்ளியோடு டவுனுக்கு மாறுதல் கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டே அழுத்தினார். மற்ற ஐந்து பேரும் அழுத்தினார்கள். கைதட்டினார்கள். பூட்டு மூடிக்கொண்டது. இனி அடுத்த கணக்கெடுப்பு வரை திறக்காது.

அடுத்த மாதத்தின் முதல் வாரத்தில், மூடுவதற்காக வரைபடத்தைப் பார்த்தபோது, மொட்டப்பாறையில் பள்ளி எதுவுமில்லை என்று கண்டறியப்பட்டது. இல்லாத பள்ளிகளை மூட இயலாது என்பதால் இணைப்பு உத்தரவு ரத்தானது. கள்ளக்குறிச்சியில் இரண்டாம் மாடியில் ஏழு பள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதும் கண்டறியப்பட்டது. ஆனால் நகராட்சி எல்லைக்குள் இடநெருக்கடியை முன்னிட்டு ஒரே வளாகத்தில் எத்தனை பள்ளியும் இயங்கலாம் என்று விதியில் தனிப் பத்தி இருந்ததால் அவற்றை யாரும் தொடவில்லை.

இரண்டாம் வாரத்தில், ஏழு பள்ளிகள் இயங்கும் வளாகத்தில் கல்வி சாராத அலுவலகம் ஒன்று சட்டவிரோதமாக அறை பிடித்து வைத்திருப்பதாகப் பகலவனுக்கு நோட்டீஸ் வந்தது. பள்ளி எதுவும் இங்கே இல்லை, கண்ணால் பாருங்கள் என்று அவர் எழுதினார். வரைபடமும் கள உண்மையும் பொருந்துவதாகத் தாங்களே சென்னைக்குச் செய்து காட்டியிருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. அலுவலகத்தை உடனே காலி செய்து, பள்ளி எதுவுமில்லை என்று கண்டறியப்பட்டதும் சிக்னல் வசதி உள்ளதுமான இடம் ஒன்றுக்கு மாற்றச் சொன்னார்கள். மாவட்டம் முழுக்கத் தேடியதில் அப்படி ஓர் இடம்தான் இருந்தது. இப்போது மொட்டப்பாறையில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பகலவன். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியிருக்கிறார். ஜெயம்மாள் அந்தப் பக்கம் போனால், எச்செம்மு சௌக்கியமா என்று ஓணானைக் கேட்டுவிட்டுப் போகிறாள்.

கோகிலவாணிக்கு எல்லாம் சுலபமாகிவிட்டது. காலை ஆறே முக்காலுக்கு மலை பஸ்ஸைப் பிடிக்கப் போகும் வழியில் அந்தப் பழைய கட்டடத்துக்குக் கீழே ஒரு நிமிடம் நிற்கிறாள். இருபத்து மூன்று பிள்ளைகளும் வந்துவிட்டதாக அழுத்துகிறாள். அந்த நேரத்தில் அதுகள் மலைமேல் போர்வைக்குள் இருக்கும். வீட்டில் அவித்து எடுத்து வந்த முட்டையைப் படம் எடுத்து ஏற்றுகிறாள். பிறகு அந்த முட்டையை வெங்கடேசன் சாப்பிடுகிறார். யார் சாப்பிடுகிறார் என்று செயலியில் கேள்வி இல்லை. அரிசியும் முட்டையும் வழக்கம்போல நெல்லிவளவுக்கே வந்து இறங்குகின்றன. லாரி டிரைவருக்கு வரைபடம் தெரியாது, வழி தெரியும். பிள்ளைகள் யாரும் பாறைக்கு நடப்பதில்லை. பத்து மணிக்கு மணி அடித்தால் சாயங்காலம் வரை பாடம் நடக்கிறது. நெல்லிவளவு சரித்திரத்தில் இவ்வளவு பாடம் நடந்ததில்லை. மாவட்டத்தின் சிறந்த மென்ட்டார் என்று அவளுக்குக் கண்ணாடிக் கேடயம் வேறு கொடுத்தார்கள்.

காலாண்டுத் தேர்வு வந்தது. புவியியல் கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் இயக்கமே அனுப்பியது. கடைசிக் கேள்விக்குப் பத்து மதிப்பெண்: உன் பள்ளி அமைந்துள்ள இடத்தை வரைபடம் வரைந்து குறி. எழுதிய தாளையெல்லாம் படம் எடுத்து மேலே அனுப்ப வேண்டும்.

மற்ற பிள்ளைகள் டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி பஸ் நிலையம், தையல் கடை, மாடிப்படி என்று வரைந்திருந்தார்கள். சந்தியா நெல்லிவளவை வரைந்திருந்தாள். ஓடை எந்த இடத்தில் வளைகிறது, மரவள்ளிக் காடு எங்கே முடிகிறது, பலா மரம், வெள்ளையடித்த சுவர், ஒன்று விடவில்லை. வடக்குத் திசைக்கு அம்புக்குறி. அளவுகோல் கூடப் போட்டிருந்தாள். பள்ளி இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கொடி. பதினெட்டு வருடச் சர்வீசில் கோகிலவாணி இப்படி ஒரு வரைபடத்தைப் பார்த்ததில்லை.

சிவப்புப் பேனாவை மூடி கழற்றி நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். மேலே யாராவது இதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தாள். விசாரணை வரும். குழு வரும். குழு மறுபடி சிக்னல் தேடிப் போகும். பத்துக்குப் பூஜ்யம் போட்டாள்.

தாளைக் கொடுத்ததும் சந்தியா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா டீச்சர் தப்பு? எங்க தப்பு?"

"தப்பு இல்லம்மா. ரொம்ப சரியாப் போட்டுட்ட. அதான்."

சந்தியாவுக்கு ஒன்றும் புரிந்ததாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் புரிந்துவிட்டது. கெட்டிக்காரி. ரப்பரை எடுத்துக் கொடியை அழித்தாள். அழித்துவிட்டு, ஓடைக்குப் பக்கத்தில் போட்டிருந்த தன் வீட்டின்மேல் ரப்பரை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அப்ப எங்க வூட்ட எங்க போடட்டும் டீச்சர்?"

மாவட்டத்தின் சிறந்த மென்ட்டார், பிள்ளை கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"எங்கயும் போடாத."